திரைக்குப் பின்னால் மூன்று பேர்

உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊர் வாசிகசாலைக்குள் நான் நுழைந்தபோது பின்னேரம் ஐந்து மணி இருக்கும். மாரி மழை இன்னும் விடவில்லை. கூரை ஒழுகிய இடத்தில் ஒரு வாளியை வைத்திருந்தார்கள். அதில் நீர் விழும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வாங்குகளில் இருக்க இடமில்லாமல் இளந்தாரிகள் யன்னல் கட்டுகளில் ஏறி இருந்தார்கள். மேடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. மேசையில் இரண்டு படங்கள்.

ஒன்று, சில நாள்களுக்கு முன் சென்னையில் காலமான நடிகையுடையது. பெயரை எழுதத் தேவையில்லை. இந்தப் பக்கத்தை வாசிக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது இருட்டில் இருந்து அவருக்காக மூக்கை உறிஞ்சியிருப்பீர்கள். அவருக்குத்தான் அன்று அஞ்சலிக் கூட்டம்.

மற்றது அக்காவுடையது.

இரண்டு படங்களுக்கும் நந்தியாவட்டைப் பூமாலை. இரண்டும் ஒரே நீளம். நடுவில் குத்துவிளக்கு.

அக்கா போய்விட்டாவா? எனக்குத் தெரியாமல் இவர்களுக்கெல்லாம் எப்படிச் செய்தி வந்தது? வாசலில் நின்ற வாசிகசாலைச் செயலாளர் தவத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் படித்த பிள்ளை.

"வாங்கோ ரீச்சர், முன்னுக்கு இருங்கோ."

"தவம், அந்தப் படத்துக்கு ஆர் மாலை போட்டது?"

"நான்தான். ஏன் ரீச்சர், வடிவா இல்லையோ?"

"அவவுக்கு ஏதும் நடந்ததெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

தவம் விழித்தான். "அவ செத்தவ இல்லையோ?"

"இல்லை!"

"ஐயோ, ரீச்சர். சுகிர்தாதான் படத்தைக் கொண்டந்து தந்து, இவவுக்கும் மரியாதை செய்யோணும் எண்டவள். படத்தைத் தந்தால் நாங்கள் வேறை என்ன செய்யிறது? எங்களுக்குத் தெரிஞ்ச மரியாதை உதுதானே."

அவன் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஊரில் மேசையில் ஒரு படம் வந்தால் அது செத்தவருடைய படம்தான். உயிரோடு இருப்பவர்களைப் படமாக வைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர்கள் நேரே வந்து கதிரையில் இருப்பார்கள்.

ஆனால் அக்கா எங்கள் வாசிகசாலைக் கதிரையில் வந்து இருக்க முடியாது. அவ ஒரு சிங்களப் பெண். தெற்கே ஒரு சிறு பட்டணத்தில் இருப்பவ. சில வருடங்களுக்கு முன், தமிழருக்கு எதிரான ஒரு கலவரப் பகலில், என்னையும் என் மகள் சுகிர்தாவையும் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவ. அதற்குப் பிறகு அவவைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை.

தலைவர் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டினார். கூட்டம் தொடங்கிவிட்டது. இனி மேடைக்குப் போய் மாலையை எடுப்பது எப்படி? எடுத்தால் அவமரியாதை. விட்டால் அபசகுனம். முன்வாங்கில் போய் இருந்தேன். எனக்குப் பக்கத்தில், பட்டணத்துப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் மாஸ்டர், பேனாவைத் திறந்து மடியில் வைத்தபடி இருந்தார். மேடையின் ஓரத்தில், பேசுவதற்காகக் காத்து நின்றாள் என் மகள்.

பெரியப்பாமார் இறந்த நாள்

சினிமாக்காரருக்கு அஞ்சலி செய்வது எனக்குப் புதிதல்ல.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் இருந்து படித்த காலம், ஐம்பதுகளின் பின்பகுதி. சினிமா அங்கே விலக்கப்பட்ட கனி. ஆனாலும் கண் டொக்டரிடம், பல் டொக்டரிடம் என்று யாழ்ப்பாணம் போய்வரும் பிள்ளைகள் எப்படியோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். வந்து, விளக்கணைக்கும் மணி அடிக்கும்வரை எங்களுக்கு அதை நடித்துக் காட்டுவார்கள். நான் பார்த்த முதல் படங்களெல்லாம் அப்படிக் காதால் பார்த்தவைதான்.

அந்த நாள்களில் பாடி நடித்துப் பேர்பெற்ற ஒருவர் காலமானார். அடுத்த நாள் காலை ஜெபத்துக்கு எங்களில் பாதிப்பேர் பின்னலில் கறுப்பு ரிபன் கட்டிக்கொண்டு போய் நின்றோம்.

"என்ன, ஆருக்கு என்ன நடந்தது?" என்று விடுதி அம்மா திடுக்கிட்டுக் கேட்டார்.

முதலில் நின்றவள் என் சிநேகிதி ராசாத்தி. யோசிக்காமல், "பெரியப்பா மோசம் போயிட்டார் அம்மா," என்றாள். அடுத்தவளும் பெரியப்பா என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். வேறு உறவு ஒருத்தியின் வாயிலும் வரவில்லை.

விடுதி அம்மா எங்களை ஒருமுறை நீளப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளின்ரை பெரியப்பாமார் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும்," என்று ஜெபித்தார். அவர் சிரிப்பை அடக்கினாரா, உண்மையில் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே விடுதியில்தான் ஒரு யூதப் பிள்ளையின் கதையையும் கேட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வந்து எங்களுக்குத் தையலும் வேதபாடமும் படிப்பித்த ஒரு மிஸ் இருந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒல்லாந்தில் இருந்தவர். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யூதப் பிள்ளையைக் குசினியில், சமையல் சாமான் அலுமாரிக்குப் பின்னால் பலகை அடித்து ஒளித்து வைத்திருந்தார்களாம். யுத்தம் முடியும்வரை அந்தப் பிள்ளை அங்கேதான் வளர்ந்ததாம். வெளியே வந்தபோது அதற்கு நேராக நடக்கத் தெரியவில்லையாம், பக்கவாட்டில் நடந்ததாம்.

நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தோம். ராசாத்தி மட்டும் கையை உயர்த்தினாள். "மிஸ், அந்தப் பிள்ளை ஒண்டுக்குப் போறதெண்டால் எப்படி?"

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கஷ்டமாக இருந்தது," என்றார்.

அந்த வீட்டுக்காரரின் பெயர் என்ன என்று நான் கேட்டேன். மிஸ் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டதே என்றேன். காட்டிக் கொடுக்கக் காத்திருந்தவரும் அதே தெருவில்தான் இன்னும் இருக்கிறார், இரண்டு பேரும் ஒரே கடையில்தான் பால் வாங்குகிறார்கள் என்றார்.

அந்த வயதில் அது எனக்கு விளங்கவில்லை. எனக்கு நடந்த பிறகுதான் விளங்கியது.

மன்னா, நலமா?

கலியாணமாகிச் சில வருடங்களில் என் கணவருக்குத் தெற்கே இடமாற்றம் வந்தது. நானும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். சுகிர்தா அங்கேதான் நடை பழகினாள். இந்தத் தொடரில் எல்லா ஊருக்கும் பெயர் சொல்லி வந்தேன். இந்த ஊருக்கு மட்டும் சொல்ல மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் ஒரு தியேட்டர். மரக் கதிரைகள், தகரக் கூரை, திரையென்று ஒரு தடித்த வெள்ளைத் துணி. முதலாளி கொழும்பில். இங்கே மெஷின் ஓட்டுபவர் ஒரு சிங்களவர். வாய் திறந்து கதைக்காத மனுசன். அவருடைய மனைவிதான் ரிக்கற் கவுண்டரில் இருப்பவ. அவதான் அக்கா.

அந்த ஊரில் தமிழ்ப் படங்கள் நன்றாக ஓடும். அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இப்போது காலமான அந்த நடிகை என்றால் உயிர். அவருடைய பெரிய படமொன்றைக் கவுண்டருக்கு மேலே ஒட்டி வைத்திருந்தா. ஒரு நாள் இடைவேளைக்குப் பிறகு கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்து, "நங்கி, அவள் ஏன் அழுகிறாள்?" என்று சிங்களத்தில் கேட்டா. நங்கி என்றால் தங்கச்சி. நான் காதுக்குள் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அவ அழத் தொடங்கிவிட்டா. அன்றிலிருந்து தமிழ்ப் படம் வந்தால் எனக்கு ஆள் வரும். கதை சொல்லப் போக வேண்டும்.

அக்கா கொஞ்சம் தமிழ் பிடித்துக்கொண்டா. எல்லாம் ராசா ராணிப் படங்களில் பிடித்த தமிழ். என் கணவர் சைக்கிளில் போகும்போது கவுண்டருக்குள் இருந்து, "மன்னா, நலமா?" என்று கூப்பிடுவா. ஆம்பிளைகளை மரியாதையாக அழைக்கும் தமிழ்ச் சொல் அதுதான் என்று நம்பியிருந்தா.

"நான் ஒரு கிளாக்கர் எண்டு அவவுக்குச் சொல்லு," என்பார் என் கணவர்.

"சொல்லமாட்டன். உங்களை மன்னா எண்டு கூப்பிட உலகத்திலை அவ ஒருத்திதான் இருக்கிறா," என்பேன்.

பகிடிப் படம்

அந்தக் கலவரம் தொடங்கியபோது என் கணவர் அலுவலாகக் கொழும்பில். வீட்டில் நானும், பன்னிரண்டு வயதுச் சுகிர்தாவும். சந்தைப் பக்கத்தில் புகை தெரிந்தது. மத்தியானச் சோறு அடுப்பில் இருந்தது. பின்வேலியைப் பிரித்துக்கொண்டு அக்கா வந்தா. அடுப்பை அணைக்கவும் விடவில்லை.

எங்களைத் தியேட்டரின் பின்கதவால் கொண்டுபோய், திரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய இடத்தில் விட்டா. ஒரு ஆள் படுக்கப் போதாத அகலம். ஒலிபெருக்கிப் பெட்டி, தூசி, வௌவால் மணம். பிறகு திரும்பிப் போனவ, கையில் சுருட்டிய தாளோடு வந்தா. கவுண்டருக்கு மேலே இருந்த நடிகையின் படம்! சுகிர்தாவின் மடியில் அதை வைத்தா.

"இவளும் தமிழ்தானே. இவளையும் வைத்துக்கொள்," என்றா சிங்களத்தில். போகும்போது தன்னுடைய தமிழில், "கலங்காதே பெண்ணே, யான் இருக்கிறேன்," என்றா.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். சிலர் வெளியூர். சிலர் அதே தெருவில் இருப்பவர்கள். கவுண்டரில் நடந்த கதை திரைக்குப் பின்னால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா அவர்களுக்கு முன்னால் என்னைத் திட்டினா. எத்தனை நாள் என் கையால் தின்றவள், ஒரு சொல் சொல்லாமல் நேற்றைய ரயிலில் ஓடிவிட்டாள், நன்றி கெட்டவள், அவளைக் கண்டால் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று கத்தினா. அவ்வளவு உண்மையாக இருந்தது. ஒரு கணம் நானே அதை நம்பினேன்.

பிறகு குரலைத் தணித்து, "இந்த வெயிலில் ஏன் நிற்கிறீர்கள்? படம் போடப் போகிறோம். உள்ளே வந்து இருங்கள், ரிக்கற் வேண்டாம்," என்றா.

அவர்கள் வந்து இருந்தார்கள்! கதிரைகள் கிரீச்சிட்டன. அக்காவின் புருஷன் மெஷினை ஓட்டினார். அது ஒரு சிங்களப் பகிடிப் படம். திடீரென்று எங்கள் தலைக்கு மேலே வெளிச்சம். துணியின் இந்தப் பக்கத்தில், எங்களுக்கு ஒரு முழம் தள்ளி, பூதம் போன்ற மனிதர்கள் நடந்தார்கள். எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தது. எழுத்துகள் பின்பக்கமாக ஓடின.

ஒரு காட்சியில் கதாநாயகன் மாமியார் வீட்டு விருந்தில் இருந்து சோறு சாப்பிடுகிறான். எங்களுக்கு அவன் இடக்கையால் சாப்பிடுகிறான். மாமியாரும் இடக்கை. பந்தியில் இருந்த அத்தனை பேரும் இடக்கை. சுகிர்தா அதைக் கண்டாள். அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. என் சேலைத் தலைப்பை அவள் வாய்க்குள் திணித்தேன். அது போதவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அதே கணம், திரையில் மாமியார் வழுக்கி விழுந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் பிள்ளையின் சிரிப்பு அவர்களுடைய சிரிப்புக்குள் போய் மறைந்தது.

எங்களைக் கொல்ல வந்தவர்களும் என் பிள்ளையும் ஒரே நேரத்தில் சிரித்த அந்தச் சத்தத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை. அது எனக்குப் பயமா, ஆறுதலா என்று கேட்டால் பதில் தெரியாது.

பிறகு படம் முடிந்தது. அவர்கள் போனார்கள். அடுத்த நாளும் நாங்கள் அங்கேயே இருந்தோம். ராசாத்தியின் கேள்விக்குப் பதிலையும் அங்கேதான் கண்டேன். நெருப்பணைக்க மண் நிரப்பி வைத்திருந்த சிவப்பு வாளி. மிஸ் சொன்னது சரிதான்.

அகதி முகாம், கப்பல், காங்கேசன்துறையில் என் கணவர் எங்களைக் கண்டு விறைத்து நின்றது, எல்லாம் முன்பே எழுதிவிட்டேன். சுகிர்தா கப்பலில் இருந்து இறங்கியபோது அவள் கையில் ஒரு பொருள்தான் இருந்தது. நாலாய் மடித்த அந்த நடிகையின் படம்.

அதற்குப் பிறகு நான் ஒரு தியேட்டருக்கும் போனதில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் பஸ் பிந்தினால் படலை வாசலிலேயே நிற்பேன். அக்காவுக்குக் கடிதம் போடவும் பயம். யாழ்ப்பாண முத்திரை குத்திய கடிதம் அந்தத் தபால்காரன் கையில் போனால், தெருவே அறிந்துவிடும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை

நடிகை காலமான செய்தி வானொலியில் வந்ததும் தவம் வீட்டுக்கு வந்தான். அஞ்சலிக்கு வைக்கப் பெரிய படம் ஒன்று வேண்டும், பத்திரிகையில் வந்தது முத்திரை அளவுதான் இருக்கிறது என்றான். சுகிர்தா உள்ளே போய், மடிப்பு விழுந்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாப்பிடும்போது மெல்லச் சொன்னாள். "அம்மா, கூட்டத்திலை நான் அக்காவைப் பற்றிக் கதைக்கப் போறன்."

"பேர் சொல்லாமல் கதை."

"பேர் சொல்லாட்டி ஆர் நம்புவினம்? கட்டுக்கதை எண்டுவினம்."

"நம்பாட்டிப் போகட்டும்."

"இல்லையம்மா. உங்கை வாசிகசாலையிலை இருக்கிற பெடியளுக்கு அந்தப் பக்கத்திலை ஒரு ஆளின்ரை பேர்தானும் தெரியாது. எல்லாரும் ஒண்டு எண்டுதான் கதைக்கினம். ஒரு பேரெண்டாலும் தெரியட்டுமே."

"பேப்பர்க்கார மாஸ்டர் வருவார். நாளைக்கே அச்சிலை வரும். அண்டைக்கு அந்தக் கதிரையளிலை இருந்து படம் பார்த்தவங்கள் இண்டைக்கும் அந்தத் தெருவிலைதான் இருக்கிறாங்கள். தங்களை இருத்திப் பேய்க்காட்டி ஏமாத்தினவ எண்டு தெரிஞ்சால் சும்மா விடுவாங்களோ? மரக் கதிரை, பிலிம் சுருள், எல்லாம் எரிய ஒரு நெருப்புக்குச்சி காணும்."

என் குரல் உயர்ந்துவிட்டது. என் கணவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி பிசைந்தார்.

"நடிச்சவவுக்குக் கூட்டம் வைக்கிறம்," என்றாள் சுகிர்தா. "அக்கா கவுண்டரிலை நிண்டு நடிச்சதுக்கு ஒண்டும் இல்லையோ? அக்காவைப் போல அந்த நடிகையாலும் நடிக்கேலாது."

நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

"பேரைச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

"மேடையிலை ஏறினாப் பிறகுதான் அம்மா எனக்குத் தெரியும்," என்றாள்.

அந்த வயதில் என்னிடம் இல்லாத நேர்மை அது. ஆனால் எனக்கு நித்திரை போய்விட்டது.

மாலையைக் கழற்றுவோர்

தலைவர் பேசினார். இன்னொருவர் நடிகையின் நடிப்பை வேட்டியின் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்து விவரித்தார். பிறகு தவம் சுகிர்தாவைக் கூப்பிட்டான்.

என் மகள் கையில் தாள் இல்லாமல் பேசினாள். எங்கே ஒளித்தார்கள், யார் வந்தார்கள், என்ன படம் ஓடியது, இடக்கையால் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று எல்லாம் சொன்னாள். யன்னல் கட்டுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது வாளிக்குள் நீர் விழும் சத்தமும் கேட்டது.

அப்போது பின்னால் இருந்து ஒருவன், "சிங்களத்தி ஒருத்திக்கு இஞ்சை என்ன மாலையும் விளக்கும்?" என்றான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கொழும்பில் கடை வைத்திருந்து, கலவரத்தில் அதை எரித்த பிறகு வெறுங்கையோடு வந்த குடும்பத்துப் பெடியன். அவன் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை.

சுகிர்தாவும் கோபப்படவில்லை. "அண்ணை, அவ இல்லாட்டி உந்த மாலை அண்டைக்கு என்ரை படத்துக்குத்தான் விழுந்திருக்கும்," என்றாள்.

அவன் மேசையில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தான்.

என் பக்கத்தில் இருந்த மாஸ்டர் மெல்ல எழுந்தார். நல்ல மனுசன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டார். "பேரைச் சொல்லு தங்கச்சி. ஊரையும் சொல்லு. நாளைக்குப் பேப்பரிலை போடுவம். அப்படிப்பட்டவவின்ரை பேர் நாடு அறியோணும்."

"ஓம், சொல்லு, சொல்லு," என்றன பல குரல்கள்.

சுகிர்தா என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். எழுந்தது எனக்கே தெரியாது. மேடைப் படியில் ஏறினேன்.

மேசைக்குக் கிட்டப் போனபோதுதான் அதைக் கண்டேன். அக்காவின் படம் என் கணவர் எடுத்து, அப்போதே எங்கள் ஊருக்கு அனுப்பி வைத்தது. தியேட்டர் வாசலில் நின்று அக்கா சிரிக்கிற படம். தலைக்கு மேலே தியேட்டரின் பெயர்ப்பலகை தெரியும். இப்போது தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை அளவாக வெட்டி, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள் என் மகள்.

அவள் முன்பே முடிவெடுத்திருந்தாள். நான்தான் அவளை நம்பவில்லை.

மாலையில் கையை வைத்தேன். அந்த நேரத்தில்தான், தலைவரின் கதிரையில் கிடந்த மாலை கண்ணில் பட்டது. கூட்டத் தொடக்கத்தில் அவருக்குப் போட்டது. போட்ட உடனே கழற்றிக் கதிரைக் கையில் கொழுவியிருந்தார். எங்கள் ஊர் மேடைகளில் எல்லோரும் அப்படித்தானே? கழுத்தில் விழுந்த மாலையை வைத்துக்கொண்டிருப்பது அழகில்லை என்று உடனே கழற்றிவிடுவார்கள்.

ஒலிபெருக்கி எனக்கு உயரமாக இருந்தது. தவம் ஓடிவந்து இறக்கிவிட்டான்.

"செத்தவையின்ரை மாலை படத்திலையே கிடக்கும்," என்றேன். "உயிரோடை இருக்கிறவை மாலையைப் போட்ட உடனை கழட்டிப்போடுவினம். இவ உயிரோடை இருக்கிறா. இஞ்சை வந்து கழட்ட அவவாலை ஏலாது. அதாலை அவவுக்காக நான் கழட்டுறன்."

கழற்றிக் கையில் பிடித்தேன். விளக்கின் பக்கத்திலிருந்து அக்காவின் படத்தையும் எடுத்துச் சுகிர்தாவிடம் கொடுத்தேன்.

"பேரை நாங்கள் சொல்லமாட்டம். அவ இன்னும் அந்தத் தெருவிலை இருக்கிறா. பயமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு நாள் வரும். அண்டைக்கு அவவை இஞ்சை கதிரையிலை இருத்திப்போட்டுச் சொல்லுவம்."

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. யன்னல் பக்கம்தான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மாஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தட்டினார். அஞ்சலிக் கூட்டத்தில் கைதட்டல் எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அது ஓய்ந்ததும், தவம் எல்லோரையும் எழச் சொன்னான். நடிகைக்காகத் தலைகுனிந்து நின்றோம். என் கையில் மாலை. என் மகளின் கையில் படம்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கேள்வி கேட்ட பெடியன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரீச்சர், அண்டைக்கு அந்தப் படத்துக்கு நீங்களும் சிரிச்சனீங்களோ?"

"இல்லையப்பன். எனக்குச் சிரிப்பு வரேல்லை."

"எனக்கெண்டாலும் வந்திராது," என்றான். பிறகு என் மற்றச் செருப்பை இருட்டுக்குள் தேடி எடுத்துத் தந்தான்.

சுன்னாகத்து லொறி

மேடையில் "உயிரோடை இருக்கிறா" என்று அடித்துச் சொன்னேனே தவிர, எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அதே நினைவு. மாலையின் மணம் கையை விட்டுப் போகவில்லை.

என் கணவருக்கு இப்போது சுன்னாகத்தில் வேலை. அங்கே சந்தையிலிருந்து வெங்காய லொறிகள் தெற்கே போகும். சாரதி கந்தையா அண்ணை அக்காவின் பட்டணத்தைத் தாண்டித்தான் போவார் என்று என் கணவர் விசாரித்து வைத்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு சாக்குப்பையில் சின்ன வெங்காயமும் பனங்கட்டியும் கட்டி, தியேட்டர் கவுண்டரில் இருக்கும் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஆர் தந்ததெண்டு கேட்டால்?" என்று கந்தையா அண்ணை கேட்டிருக்கிறார்.

"மன்னா தந்தவர் எண்டு சொல்லுங்கோ."

"ஆர் மன்னா?"

"உங்களுக்கு ஏன் அது? சொல்லுங்கோவன்."

தைப்பொங்கல் முடிந்த கிழமை கந்தையா அண்ணை எங்கள் படலையில் வந்து நின்றார். வந்ததும் வராததுமாகத் தண்ணீர் கேட்டார். குடித்து முடிக்கும்வரை நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கவுண்டருக்குள்ளை இருந்தா," என்றார். "மன்னா தந்தவர் எண்டன். மனுசி வெங்காயத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதா. பிறகு சிரிச்சா. பின்னுக்கு நிண்ட சனம் ரிக்கற் கேட்டுக் கத்துது, மனுசி அசையேல்லை. பிறகு இதைத் தந்தவ."

மடித்த தாளொன்றை நீட்டினார். கடிதம் இல்லை. மூன்று ரிக்கற்றுகள். முதலாம் வகுப்பு. கிழிக்காதவை.

என் கணவர் வாங்கிப் பார்த்தார். "நீ, பிள்ளை, நான். அளவாய் அனுப்பியிருக்கிறா."

"இல்லையப்பா," என்றாள் சுகிர்தா. "அண்டைக்குத் திரைக்குப் பின்னாலை நீங்கள் இருக்கேல்லை."

"அப்ப மூண்டாவது ஆருக்கு?"

அவள் சுவரைக் காட்டினாள். அஞ்சலிக் கூட்டத்திலிருந்து திரும்பி வந்த நடிகை, நாலு மடிப்புக் கோட்டோடு அங்கே சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் என் கணவர். "மன்னா காசு குடுத்துத்தான் பாக்கோணும்."

நான் ரிக்கற்றுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு ரிக்கற்றிலும் அன்றைய நாளை முத்திரையாகக் குத்தித்தான் கொடுப்பா. குத்தாமல் ஒன்று வெளியே போனால் முதலாளியிடம் பேச்சு விழும் என்பா. இந்த மூன்றிலும் நாள் குத்தியிருக்கவில்லை.

எந்த நாளும் வரலாம்.

வரத்தான் போகிறோம், அக்கா. இந்த முறை நான் திரைக்கு முன்னால் இருந்து பார்ப்பேன்.